‘ஆர்த்தோபெடிக்’ நாய் மெத்தை வாங்கப் போகிறீர்களா? முதலில் உறையின் ஜிப்பைத் திறந்து பாருங்கள்

வயதான நாயோ கனமான நாயோ வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லி ஒரு மெத்தையை எங்கள் தலையில் கட்டினார்கள். அதில் பணம் போனதைவிட, எங்கள் ஜூலி பட்ட பாடுதான் ஆறவில்லை.

ஜூலி லாப்ரடார். எடை 30 கிலோவுக்கு மேல். பின்னங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது, வெறும் தரையில் படுக்க விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆன்லைனில் ‘ஆர்த்தோபெடிக் மெமரி ஃபோம்’ (உடல் சூட்டில் இளகி எடையைத் தாங்கும் ஒரு வகை ஃபோம்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த மெத்தையைப் பார்த்து, விற்பவரிடமே விசாரித்தோம். “உள்ளே முழுக்க மெமரி ஃபோம்தான்” என்று பதில் வந்த பிறகே ஆர்டர் போட்டோம்.

காற்றை உறிஞ்சிச் சுருட்டிய பொட்டலமாக வந்தது. பிரித்துப் போட்டால் எழவே இல்லை. கேட்டதற்கு, “72 மணி நேரம் விடுங்க, உப்பிடும்” என்றார்கள். விட்டோம். பிறகு “வெயில்ல வைங்க” என்றார்கள், பிறகு “இன்னும் கொஞ்சம் பொறுங்க” என்றார்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்ததும் பேச்சே மாறியது: நாய் படுத்த பொருளைச் சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க முடியாதாம். சுருட்டி வரும் ஃபோம் விரிய நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். அந்த உண்மையையே சாக்காக வைத்து நாளைக் கடத்துகிறார்கள்.

அதற்குள் ஜூலியின் முழங்கையில் மெத்தென்று ஒரு வீக்கம். ஹைக்ரோமா என்றார் டாக்டர். கனமான நாய்கள் கடினமான இடத்தில் படுத்துப் படுத்து, எலும்பு தரையில் அழுந்தும் இடத்தில் நீர் கோத்துக்கொள்வது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. ஊசி குத்தி நீரை எடுத்தால் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு என்பதால் சும்மா சும்மா எடுக்கவும் மாட்டார்கள். அழுத்தம் படாத நல்ல படுக்கைதான் முதல் வைத்தியம். மெத்தை வாங்கியும் பிள்ளை தரையில் படுத்த மாதிரிதான் இருந்திருக்கிறது என்றால் எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

உறையைக் கழற்றினோம். மேலே விரல் தடிமனில் ஒரு ஃபோம் தகடு. அதன் கீழே முழுக்கக் கத்தரித்துப் போட்ட கழிவு ஃபோம் துண்டுகள். நாய் படுத்ததும் துண்டுகள் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், நடுவில் உடம்பு நேரே தரையில் உட்காரும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: உறையைக் கிழிக்கிற பழக்கமுள்ள நாய் அந்தத் துண்டுகளை விழுங்கினால் குடல் அடைத்து அறுவைசிகிச்சை வரை போகலாம்.

1966இல் நாசாவுக்காக உருவாக்கப்பட்டதுதான் மெமரி ஃபோம். உடல் சூட்டில் இளகி, எடையைப் பரவலாகத் தாங்கும். உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் பள்ளம் மெதுவாகத்தான் நிரம்ப வேண்டும். சட்டென்று எம்பினால் அது சாதாரண ஃபோம். மெமரி ஃபோம் மட்டும் இருந்தாலும் போதாது, அடியில் கெட்டியான ஃபோம் அடுக்கு வேண்டும். உங்கள் முழங்காலை ஊன்றி எடையைப் போடுங்கள். தரை தட்டுப்பட்டால் அந்த மெத்தை கனமான நாய்க்கு ஆகாது. ‘ஆர்த்தோபெடிக்’ என்ற சொல்லை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்கிறார்கள்.

அளவிலும் ஏமாற்று உண்டு. சுற்றிலும் திண்டு வைத்த மெத்தைகளுக்கு வெளி அளவைத்தான் போடுகிறார்கள், நாய் படுக்கிற உள் இடம் அதைவிட நிறையக் குறைவு. நாய் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு ஒரு 20 செ.மீ. சேர்த்து, “உள் அளவு எவ்வளவு?” என்றே கேளுங்கள். வயதான நாய்க்கு ஒரு பக்கமாவது திண்டு தாழ்வாக இருக்கட்டும், ஏறி இறங்க வேண்டும் அல்லவா. அடிப்பக்கம் வழுக்காத ரப்பர் இருப்பதும் முக்கியம். எங்களுக்கு வந்ததில் அதுவும் இல்லை, ஜூலி எழும்போதெல்லாம் மெத்தை டைல்ஸில் நழுவியது.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பொட்டலத்தைப் பிரிப்பது முதல் ஜிப்பைத் திறந்து உள்ளே காட்டுவது வரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். உறைக்கு ஜிப்பே இல்லாமல் தைத்து வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். 72 மணி நேரக் கதை சொன்னால், திருப்பி அனுப்பும் கெடுவை அத்தனை நாள் நீட்டித் தருவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதைச் சரிபார்த்து முடிக்கும்வரை நாயை அதன்மேல் ஏற விடாதீர்கள். ஒரே ஒரு முடி ஒட்டியிருந்தாலும் ‘பயன்படுத்திய பொருள்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.