மலைக்கோட்டை அடிவாரத்தில் பழைய வீடு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை, குடியிருந்தபின் தெரிபவை

திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள ஆண்டார் வீதிகளிலோ அவற்றை ஒட்டிய சந்துகளிலோ வீடு விலைக்கு வந்தால், விலை பேசுவதற்கு முன் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். மலையிலுள்ள மேல், கீழ்க் குடைவரைகள் இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். 100 மீட்டருக்குள் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கும் அந்தக் கட்டடம் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்ததாகக் காட்ட வேண்டும். பழைய வீட்டுவரி ரசீது, மின் அட்டை, கட்டட விவரம் எழுதிய பழைய பத்திரம் எல்லாவற்றையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். "இடிச்சுட்டு மூணு மாடி போட்டுக்கலாம் சார்" என்று தரகர் சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மண் யாருடையது என்பது. கட்டடம் ஒருவருக்கு, அடிமனை கோயிலுக்கு என்றிருந்தால், அறநிலையத் துறைச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி அனுமதி இல்லாமல் அந்த மண்ணை விற்பது செல்லாது. நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 30 ஆண்டு வில்லங்கச் சான்று இங்கே போதாது. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை பதிவாகாமலே கிடக்கும். மூலப் பத்திரம் வரை போக வேண்டும். கல்யாணமாகிப் போன அத்தைகளும், அவர்கள் இல்லையென்றால் அவர்கள் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் நிம்மதி.

முகப்பு பன்னிரண்டு, பதினைந்து அடிதான் இருக்கும். நீளம் பின் சந்து வரை போகும். முன், நடு, பின் மூன்று இடத்திலும் டேப் பிடியுங்கள். பக்கச் சுவர் பொதுச் சுவரா என்பது பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டை இடிக்கும் நாளில் இந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

இனி கூரை. நேரத்தை இதில்தான் செலவழிக்க வேண்டும். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லைச் சாய்வாகக் குத்தி அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்து, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். இது நடுவில் கெடுவது குறைவு. கட்டை சுவருக்குள் நுழையும் நுனியில்தான் கெடும், ஏனென்றால் சுவரின் ஈரத்தை நுனி குடிக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி அந்த நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கி, பழுப்புத் தூள் உதிர்ந்தால் கட்டை போய்விட்டது. கட்டைகளுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தால் எல்லா நுனியையும் குத்துங்கள்.

ஒழுகுகிறது என்று மேலே சிமென்ட் பூசுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. 100 சதுர அடிக்கு ஒரு அங்குலப் பூச்சே ஏறக்குறைய 500 கிலோ. வெயிலில் அதில் மயிரிழை விரிசல் விழும். உள்ளே போன மழைநீர் வெளியேற வழியில்லாமல் கட்டையை அரிக்கும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் ஊறவைத்து, 1-க்கு 3 மணல் சேர்த்து, கடுக்காய்-வெல்ல நீர் விட்டுப் பூசும் கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். கட்டை மாற்றுவதானால் முட்டுக் கொடுத்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். புது நுனியைச் சுற்றிக் காற்றுக்கு இடைவெளி விடுங்கள், சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள்.

குட்டி யானை (சிறு சரக்கு வண்டி) திரும்பாத சந்தில் மணலும் செங்கல்லும் தலைச்சுமையாகத்தான் வரும். மதிப்பீட்டில் அந்தக் கூலியைத் தனியாகப் போடுங்கள்.

குடியிருப்பில், சித்திரை வைகாசியில் பகலெல்லாம் சூடேறிய பாறை, இருட்டிய பிறகும் அனல் விடும். மலையைப் பார்த்த அறையைப் படுக்கையறை ஆக்காதீர்கள். முற்றத்தை ஷீட் போட்டு மூடாதீர்கள், சூடு மேலேறிப் போகும் வழி அதுதான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைவீதியான என்.எஸ்.பி. சாலைப் பக்கம் கார் எடுக்க முடியாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ஆம்புலன்ஸ் நிற்கக்கூடிய இடத்திலிருந்து வாசல் வரை நடந்து, ஒவ்வொரு முனையிலும் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.