காத்து எந்தப் பக்கம்: நூலா, பவுடரா?

வேட்டையில மான் நம்மள பாக்குறதுக்கு முன்னாடியே காத்துல வர்ற நம்ம வாசனைய மோப்பம் புடிச்சிடும், அதான் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்குறது முக்கியம். வில்லு நுனியில சின்னதா ஒரு நூல் கட்டி விட்டா கையே அசைக்க வேணாம், கண்ண திருப்பினா போதும், ஆனா மழையில நனைஞ்சா ஒட்டிக்கிட்டு சும்மா கெடக்கும், அதோட நம்ம பக்கத்துல அடிக்கிற காத்த மட்டுந்தான் காட்டும். காத்து பாக்க நைசான தூள் அடைச்ச பவுடர் பாட்டில் அப்படி இல்ல. லேசா ஒரு அமுக்கு அமுக்கினா தூள் நேரா போய்ட்டு திடீர்னு பள்ளத்துப் பக்கம் இறங்குறது அப்படியே தெரியும்; வெயில் ஏறினா காத்து சரிவுல மேல போகும், சாயங்காலம் குளுந்து கீழ இறங்கும், இதெல்லாம் நூல் எங்க சொல்லுது? வாசனை இல்லாத தூளா பாத்து வாங்குங்க (மணக்குற டால்கம் போட்டா மானுக்கு நாமளே தகவல் சொன்ன மாதிரி). மலைச்சரிவுன்னா என் ஓட்டு பவுடருக்குத்தான், மரத்து மேல அசையாம உக்காந்திருக்கறவங்களுக்கு நூலே தாராளம்.