பைத்தானின் டெசிமல் மாட்யூல்: காசுக் கணக்குக்குத் தேறுமா?

பைத்தான் நிரல்மொழியில் 0.1 + 0.2 என்று தட்டினால் 0.30000000000000004 வரும். பைத்தான் மேல் குற்றமில்லை. பின்ன எண்களை அது வைக்கும் ஃப்ளோட் என்ற வகை 53 பிட் இரும இலக்கத்துக்குள் அடங்கியாக வேண்டும். பத்தில் ஒன்றோ இருமத்தில் முடிவில்லாமல் நீள்வது. எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். பில் போடும்போது அந்த வெட்டு பைசாவாகத் தலைகாட்டும்: ரவுண்ட்(2.675, 2) தருவது 2.67.

இதற்கான மருந்து 2.4 பதிப்பிலிருந்து பைத்தானோடு கூடவே வருகிறது. டெசிமல் மாட்யூல் (தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) தசமத்திலேயே கணக்குப் போடும், அமைப்பை மாற்றாவிட்டால் 28 இலக்கம் வரை. 3.3 பதிப்பில் சி மொழியில் எழுதிய பிறகு வேகத்தைக் குறை சொல்ல முடியாது. பில்லிங் வேலைக்குத் தாராளம்.

குறை வாசலில் இருக்கிறது. டெசிமல்('0.1') என்று மேற்கோளுக்குள் கொடுத்தால் சரியான 0.1 கிடைக்கும். மேற்கோளை மறந்து டெசிமல்(0.1) என்று எழுதினால் 0.1000000000000000055511... என்று ஃப்ளோட்டின் அழுக்கு அப்படியே உள்ளே வந்துவிடும், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். தடுக்க வழி உண்டு: கெட்கான்டெக்ஸ்ட்().ட்ராப்ஸ்[ஃப்ளோட்ஆபரேஷன்] = ட்ரூ. இதை முதலிலேயே போட்டுவைத்தால் அந்த வரியிலேயே பிழை காட்டி நிற்கும். த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஓடும் சர்வர் என்றால், த்ரெட்களைத் தொடங்குமுன், அவை தங்கள் அமைப்பை நகலெடுக்கும் டிஃபால்ட்கான்டெக்ஸ்டில் போட வேண்டும். இப்படி ஒரு பூட்டைச் செய்துவிட்டுத் திறந்தே விற்பது ஏனென்று புரியவில்லை.

அடுத்தது ரவுண்டிங். 25 ரூபாய்ப் பண்டத்துக்கு 2.5 சதவீத மத்திய ஜிஎஸ்டி 0.625. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்க குவான்டைஸ்(டெசிமல்('0.01')) என்று மட்டும் எழுதினால் 0.62 வரும், சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளுவது இதன் இயல்பு. கடைக்காரர் எதிர்பார்க்கும் 0.63 வேண்டுமென்றால் ரவுண்டிங்=ரவுண்ட்_ஹாஃப்_அப் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் செய்வதா, மொத்தத்தில் ஒருமுறையா என்பதையும் கோட் எழுதுமுன் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே விடை தராது.

டெசிமல் என்றாலே துல்லியம் என்று நம்பிவிடவும் வேண்டாம். 1/3 இங்கும் வெட்டுப்படும். மூன்றால் பெருக்கினால் 28 ஒன்பதுகள்தான். 100 ரூபாயை மூவருக்குப் பிரித்தால் மிஞ்சும் ஒரு பைசா யாருக்கு என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஓட்டை விழும் இன்னொரு இடம் சேமிப்பு. நிரல்கள் தரவு பரிமாறும் எழுத்து வடிவமான ஜேசனைப் படிக்கும்போது பார்ஸ்_ஃப்ளோட்=டெசிமல் கொடுக்காவிட்டால் பின்ன எண்ணெல்லாம் ஃப்ளோட்டாகவே வரும். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் டெசிமல்(10,2) என்று பத்தியை அறிவித்தாலும் பின்ன எண் உள்ளே ஃப்ளோட்தான். அங்கே பைசாவாக்கி முழு எண்ணாகச் சேமியுங்கள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் என்றால் நியூமெரிக் என்ற எண் வகை போதும்.

சென்சார் அளவீடு, வரைகலை, நம்பை (எண் வரிசைகளை வேகமாகக் கணக்கிடும் பைத்தான் தொகுப்பு) வேலைக்கு இதைத் தொடவே வேண்டாம். 64 பிட் கணினியில் ஒரு ஃப்ளோட்டுக்கு 24 பைட், ஒரு டெசிமலுக்கு 104. போதாக்குறைக்கு மேத்.சைன் போன்றவை கையில் வாங்கிய டெசிமலைச் சத்தமில்லாமல் ஃப்ளோட்டாக்கிவிடும்.