மினி பிசி அசெம்பிள் செய்பவர்கள் கவனத்துக்கு: மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

வடசென்னையில் கம்மி பட்ஜெட்டில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பெரம்பூர் பக்கம் ஒரு கடையில் 70 ஆயிரம் கொடுத்து நாங்கள் வாங்கியதில் கிராபிக்ஸ் கார்டு வேறு, ரேம் வேறு. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

நான் டிசைன் வேலை செய்கிறேன். எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு டி-ஷர்ட் பிரிண்ட், லேபிள், கடை போர்டு. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போக, துணியில் பிரிண்ட் எப்படி விழும் என்று காட்டுவதற்கு பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரும் ஓட வேண்டும். தம்பிக்கு வாலரன்ட் கேம். புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் கிடைத்த இடம்தான் கம்ப்யூட்டருக்கு, அதனால் பெட்டி சின்னதாக இருந்தே ஆக வேண்டும். மினி ஐடிஎக்ஸ் என்ற குட்டி மதர்போர்டு 17 செ.மீ. சதுரம்தான், பார்க்க அழகு. ஆனால் போர்டு விலையும் அதற்கேற்ற குட்டி எஸ்எம்பிஎஸ் விலையும் பட்ஜெட்டைத் தின்றுவிடும். 24.4 செ.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் கச்சிதமான கேபினட்டும் போதும் என்று முடிவு செய்தோம். அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்ட்: ரைசன் 5 5600 பிராசஸர், பி550எம் மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் ப்ரான்ஸ் எஸ்எம்பிஎஸ் (80 பிளஸ் என்ற மின் சிக்கனத் தரச் சான்றில் வெண்கல நிலை). திரும்பி வந்த கொட்டேஷனில் “ரைசன் 5, 16 ஜிபி, 3060 கார்டு, மினி கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்” என்று இருந்தது. 12 ஜிபிதானே என்று கேட்டதற்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது: “அதேதான் தங்கச்சி, 12 தான் போடுறேன், கவலையே படாத.” இந்த வாய்ஸ் மெசேஜை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு இருக்கிறது. 2021-இல் வந்தது 12 ஜிபி, மெமரிக்குப் போகும் பாதையின் அகலம் 192 பிட். 2022 கடைசியில் வந்தது 8 ஜிபி, 128 பிட். இரண்டிலும் கணக்குப் போடும் கூடா கோர் 3584தான். ஆனால் மெமரி வேகம் நொடிக்கு 360 ஜிபியிலிருந்து 240 ஜிபிக்கு இறங்கிவிடும். கேம் மட்டும் ஆடுகிறவருக்கு சில கேம்களில் வித்தியாசம் உடனே தெரியாமல் போகலாம். பிளெண்டரில் பெரிய டெக்ஸ்சர் (3டி பொருளின் மேல் ஒட்டும் படம்) ஏற்றினால் தெரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கிராபிக்ஸ் கார்டு மெமரி போதவில்லை என்று ரெண்டர் பாதியில் நின்றது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 8 ஜிபி. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன், 128 பிட். அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்றும் காட்டும். இரண்டில் ஒன்று என்று வந்தது. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்டுவிட்டார்கள். இரண்டு ஸ்டிக் போட்டால்தான் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வழியில் டேட்டா போகும்படி ஓடும். தம்பி ஏன் கேமில் திடீர் திடீரென்று எஃப்பிஎஸ் விழுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தான், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேபினட்டில் கண்ணாடி இல்லை. பின்னால் ஸ்க்ரூ மேல் கடை ஸ்டிக்கர், “பிரித்தால் வாரண்டி இல்லை.” பொருட்களின் பாக்ஸ் எங்கே என்று கேட்டபோதே “அதெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ரிட்டர்ன் போயிடும்மா” என்றிருந்தார். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. காசு கொடுத்தால் பாக்ஸும் நம்முடையதுதான், சீரியல் நம்பர் அதிலும் இருக்கும், நாளைக்கு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் அந்த நம்பரைக் கேட்பார்கள்.

ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தோம். ப்ரான்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பதில் கேபினட்டோடு இலவசமாக வரும் டப்பா ஒன்று இருந்தது. கையில் எடுத்தால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு லேசு. 80 பிளஸ் முத்திரை எங்கேயும் இல்லை. 3060 கார்டு முழு லோடில் 170 வாட் வரை இழுக்கும். போர்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட்தான் வரும், மீதி 8 பின் கேபிள் வழியாக வர வேண்டும். இந்த டப்பாவில் 8 பின் கேபிளே கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போடும் நாலு பின் மோலெக்ஸ் வயரில் ஒரு கன்வர்ட்டரை மாட்டி கார்டுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வெள்ளை பிளாஸ்டிக் மூலையில் பழுப்பு நிறமாகி, மஞ்சள் வயர் இன்சுலேஷன் சுருங்கியிருந்தது. அம்மா பக்கத்திலேயே துணி வைத்துத் தைப்பார். அதைப் பார்த்ததும் பிளக்கைப் பிடுங்கியவள்தான், மாற்றும் வரை திரும்ப சொருகவில்லை.

கடையில் போய்க் கேட்டோம். “3060ன்னா 3060தான், எட்டா பன்னெண்டான்னு யாரும்மா பாக்கறாங்க?” அடுத்தது, “ஸ்டிக்கர் கிழிச்சிட்டீங்க, இனிமே நான் ஒண்ணும் பண்ண முடியாது.” பில்லில் “அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1” என்று ஒரே ஒரு வரி. அந்த பில்லே நான் விடாமல் கேட்டதால் வந்தது. முதலில் எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்து, “ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் ஏறும், எதுக்கு வீணா?” என்றார்.

வாய்ஸ் மெசேஜைக் கடையிலேயே சத்தமாகப் போட்டுக் காட்டினேன். இரண்டு கஸ்டமர்கள் நின்றிருந்தார்கள், முகம் மாறியது, ஆனாலும் இறங்கி வரவில்லை. அப்புறம்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டால், நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருக்கும்வரை கட்டணமும் கிடையாது. இதை அவரிடம் பொறுமையாகச் சொன்ன பிறகு “பாத்துக்கலாம் தங்கச்சி, எதுக்கு கோர்ட்டு கேஸுன்னு” என்று குரல் இறங்கியது.

உங்கள் பில்லில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் மாடல், மெமரி அளவு, சீரியல் நம்பர் தனித்தனி வரியாக இருக்கட்டும். அசெம்பிள் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள், விடமாட்டேன் என்கிற கடை வேண்டாம். கேபினட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் தனியாக வாங்குங்கள், கார்டின் நீளம் கேபினட்டுக்குள் அடங்குமா என்று டேப் வைத்துப் பாருங்கள். எஸ்எஸ்டி புதுசுதானா என்று பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் போதும், அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டிவிடும். எங்களுடையது நல்லவேளையாக புதுசுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்டை 12 ஜிபிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், ரேமையும் மாற்றினார்கள். எஸ்எம்பிஎஸ் மட்டும் நானே வேறு இடத்தில் வாங்கிப் போட்டேன். அந்தப் பணம் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் என்கிறார். புகாரை வாபஸ் வாங்கினால் தருவாராம். பணம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.