ஏழு பனிக்காலம், ஒரு பிக்கப்: சேறும் உப்பும் கழுவிய அனுபவம்

பிக்கப் கழுவவென்று வாங்கிய சாமான்கள் எங்கள் கராஜில் ஒரு மூலையை நிறைத்துக்கொண்டு நிற்கின்றன. கரண்டில் ஓடும் பிரஷர் வாஷர், நுரை பீச்சும் குவளை, வண்டிக்கு அடியில் தள்ளிக் கழுவச் சில்லு பூட்டிய நீளக் குழாய், இரண்டு வாளி, ஒரு கட்டு மைக்ரோஃபைபர் துணி. ஏழு பனிக்காலம் போனபிறகு எது அதிகம் கைகொடுத்தது என்று கேட்டால், புல்லுக்குத் தண்ணி விசிற வாங்கிய பன்னிரண்டு டொலர் ஸ்பிரிங்ளரைத்தான் காட்டுவேன்.

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். வீடுகளின் டிரைவ்வேக்கும் பின்வளவுக்கும் இன்ரர்லொக் கல் பதிப்பது தொழில். வசந்தம் தொடங்கினால் ஸ்டோவில், அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் புது வீடுகள் எழும்புகிற களிமண் தரையில் நிற்பேன். பனிக்காலத்தில் அதே பிக்கப்பின் முன்னால் பிளேட் பூட்டி ஸ்னோ தள்ளுவேன். ஆக, வண்டிக்கு அரை வருடம் சேறு, அரை வருடம் உப்பு. இரண்டும் ஒன்றாகச் சேர்கிற மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான் அதற்குக் கெட்ட காலம்.

இதற்கு முன்பிருந்த பிக்கப்பை நான் கழுவாமல் விட்டவனில்லை. கிழமைக்கு ஒருமுறை மேலெல்லாம் பளபளப்பாகத்தான் வைத்திருந்தேன். 2017 பெப்ரவரியில் ஒரு பிளாசாவின் பார்க்கிங்கில் பிரேக்கை மிதித்தேன், மிதி அப்படியே தரைவரை போனது. நல்லகாலம், நடை வேகம். ஓரத்தில் தள்ளிக் குவித்திருந்த ஸ்னோவில் முட்டி நின்றது. கராஜில் தூக்கிப் பார்த்தால், பின்சில்லுக்குப் போகிற பிரேக் குழாய், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தோடு அதைப் பிடித்திருந்த கிளிப்புக்குள் கறள்பிடித்து உக்கிப்போயிருந்தது. மெக்கானிக் வயதில் மூத்தவர். ஸ்குரூ டிரைவரால் அந்த இடத்தில் கிண்டி, விழுந்த களிமண் கட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். வெளியில் காய்ந்த தோல், உள்ளே ஈரம்.

"தம்பி, உப்பு ரோட்டில எல்லாருக்கும்தான். இந்தச் சேறு உம்மட வண்டியில மட்டும்தான். இது காயத்துக்குப் பத்துப் போட்டமாதிரி. காயவே விடாது."

அந்தப் 'பத்து' என்ற சொல்லுக்குள் எல்லாம் இருக்கிறது. இரும்பு கறள்பிடிக்க ஈரமும் காற்றும் வேண்டும். உப்பு அந்த வேலையை விரைவுபடுத்தும். சேறு உப்பையும் ஈரத்தையும் ஒரே இடத்தில் கட்டிப்பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். மேலே எவ்வளவு மினுக்கினாலும் அந்தக் கட்டி தன் பாட்டில் இருந்து தின்னும்.

உப்பைப் பற்றியும் கொஞ்சம். ஆனையிறவில் உப்பைக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அதை லொறி லொறியாகத் தெருவில் கொட்டுவதை முதன்முதலில் கண்டபோது மனம் கேட்கவில்லை. ஒன்ராறியோவின் கொட்ரிச் ஊரில், ஹியூரன் ஏரிக்கு அடியில் சுமார் 550 மீற்றர் ஆழத்தில் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1866இல் எண்ணெய் தேடித் தோண்டியவர்களுக்கு அகப்பட்டது உப்பு. ஆனால் வண்டிக்காரன் பயப்படவேண்டியது கல்லுப்புக்கு மட்டுமில்லை. ஸ்னோ வருவதற்கு முதல்நாளே உப்புக் கரைசலைத் தெளித்துவிட்டுப் போவார்கள். தெருவில் வெள்ளைக் கோடுகள் சமாந்தரமாக ஓடுவது அதுதான். கல்லுப்பு தட்டுப்பட்டு விழும், கரைசலோ தகடு தகட்டோடு சேருகிற இடுக்கெல்லாம் ஊறிப்போகும். மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பின் வேலை மந்தமாகிவிடும். அந்த நேரத்துக்கு கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் என்று வேறு சரக்கு வரும். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பதால் வண்டி எளிதில் காயாது. கடுங்குளிரில் ரொறன்ரோவில் பீற்றூட் சாறு கலந்தும் தெளித்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இப்போதுள்ள பிக்கப்பை 2018 இலையுதிர் காலத்தில் எடுத்தேன். முதல் வேலையாக பிரஷர் வாஷர் வாங்கினேன். தண்ணியின் அமுக்கம் 2000 பிஎஸ்ஐ என்று பெட்டியில் போட்டிருந்தது, அதைவிட என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்த வசந்தத்திலேயே மூன்று தவறு செய்தேன். தண்ணியை ஒடுக்கமாக அடிக்கும் மஞ்சள் முனையைப் பூட்டி, சில்லு வளைவுக்கு ஒரு சாண் கிட்டப் பிடித்து அடித்தேன். முன்பு கல் தெறித்துப் புள்ளி விழுந்திருந்த இடத்தில் பெயின்ற் நகமளவுக்குக் கிளம்பிப் பறந்தது. அடுத்தது ட்ரெய்லர் பிளக். உள்ளே தண்ணி ஏறி, இரண்டு மாதத்தில் பித்தளைக் கால்கள் பச்சையாகி, ட்ரெய்லர் சிக்னல் ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. மூன்றாவதை நான் உடனே உணரவில்லை. சட்டத்தின் வெளிப்பக்கத்தில் அடித்த வேகத்துக்கு, சேறு கழன்று விழாமல் சட்டத்தின் துளைகளுக்குள்ளும் லீஃப் ஸ்பிரிங் தகடுகளுக்கு நடுவிலும் போய் இன்னும் இறுக்கமாக அடைந்துகொண்டது.

ஆகவே பிரஷர் வாஷருக்கு என் மதிப்பெண் பத்துக்கு ஆறு. வெள்ளை முனை, அதாவது 40 பாகை விரிகிறது, அல்லது பச்சை, 25 பாகை. ஒன்றரை அடிக்குக் குறையாத தூரம். ஒரே கோடாக அடிக்கும் சிவப்பு முனையை நான் எறிந்தேவிட்டேன். அதைக் கல்லில் அடித்தால் கல்லிலேயே கோடு விழும். ரேடியேற்றர், ரயரின் பக்கச்சுவர், சில்லு பெயரிங் இருக்கும் நடுப்பகுதி, வயர் பிளக்குகள், ஸ்ரிக்கர் ஓரம், இவை பக்கம் எந்த முனையோடும் போவதில்லை.

ஸ்பிரிங்ளர் கதை தற்செயல். 2020 ஏப்ரலில் வேலையெல்லாம் நின்று வீட்டில் இருந்தபோது, பின்வளவில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பிரிங்ளரைத் தூக்கி பிக்கப்புக்கு அடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். முன்னும் பின்னும் சாய்ந்து சாய்ந்து விசிறுகிற வகை. கால் மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால், சட்டத்தின் துளைகளிலிருந்து பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் தண்ணி ஒழுகுகிறது. அடித்துப் பெயர்க்க முடியாத சேறு, ஊறியதும் தன் பாட்டில் வழிந்துகொண்டிருந்தது. முன் அச்சுக்குக் கீழ் கால் மணி, நடுவில் கால் மணி, பின் அச்சுக்குக் கீழ் அரை மணி. முதல் சுற்றில் ஊறவிட்டு, ஒரு இடைவெளி கொடுத்து, மறுபடி. தண்ணி தெளிவாக வரும்வரை.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியது தண்ணியின் அளவுதான், வேகமில்லை. சில்லு பூட்டிய அடிக்குழாயை வருடத்தில் ஒரே ஒருமுறை எடுக்கிறேன். அது ஏன் என்று கீழே வரும்.

ஊறிய பிறகும் கையால் செய்யவேண்டிய வேலை மிச்சமிருக்கிறது, அதற்குத்தான் மினக்கெடவேண்டும். பின்சில்லு வளைவின் உள்மடிப்பில் விரலை விட்டு ஓட்டிப் பாருங்கள். அரைக் கோப்பை களிமண் வரும். கதவுகளின் அடியிலும் படிக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டிலும் தண்ணி வடிகிற சின்னத் துளைகள் இருக்கும். அவை அடைபட்டால் உப்புத்தண்ணி உள்ளேயே தேங்கும். பிளாஸ்டிக் கேபிள் ரை ஒன்றை நுழைத்து ஆட்டினால் போதும், கம்பி வேண்டாம், உள்பெயின்ற் கீறும். பெற்றோல் தாங்கியின் மேற்பக்கம், ட்ரெய்லர் கொளுவும் ஹிட்ச் குழாயின் உள்பக்கம், சில்லு வளைவின் பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்பக்கம். ஸ்பெயார் ரயரை வருடத்துக்கு ஒருதரமாவது இறக்குங்கள். அதற்கு மேல் ஒரு கிலோ மண் இருக்கும். இறக்குகிற சங்கிலியே கறள்பிடித்து இறுகிப்போனால், ரோட்டில் ரயர் வெடித்த அன்று தெரியவரும்.

கழுவியது போதுமா என்று அறிய ஒரு வழி: காய்ந்தபிறகு சட்டத்தின் கறுப்பைப் பார்க்கவேண்டும். சாம்பல் பூத்தமாதிரி வெள்ளை தெரிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது.

மேல்பக்கம் கழுவுவது பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ந்த சேற்றில் துணி போட்டால் அது மண்தாள். முதலில் தண்ணியால் நனை, நுரை போடு, பத்து நிமிடம் விடு, மறுபடி தண்ணி. அதற்குப் பிறகுதான் கை. ஒரு வாளியில் சோப்புத் தண்ணி, மற்றதில் துணி அலசும் தண்ணி. பாத்திரம் கழுவும் சவுக்காரம் மெழுகைச் சேர்த்து உரித்துவிடும். நுரைக் குவளை களிமண் காலத்துக்கு அருமை, பனிக்காலத்தில் சும்மா விளையாட்டு. கண்ணாடி மூலைகளிலும் கதவுப் பிடிகளிலும் நிற்கும் தண்ணியை இலை ஊதும் மெஷினால் ஊதிவிடுகிறேன். இந்தத் தொழிலில் அது எப்படியும் வண்டியில் கிடக்கும்.

பனிக்காலம் வேறு கணக்கு. முதல் வருடம் ஆர்வக்கோளாறில் மைனஸ் 8இல் இரவு கழுவினேன். விடிய நாலு மணிக்கு ஸ்னோ தள்ளப் போகவேண்டும், நாலு கதவும் ரப்பரோடு உறைந்து ஒட்டியிருந்தன. இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு வந்தது. மனைவி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. இப்போது பூச்சியத்துக்கு மேல் வருகிற நாளுக்காகக் காத்திருக்கிறேன். கடுங்குளிரில் கறளும் மெதுவாகத்தான் நடக்கும், மைனஸ் 15இல் பதறவேண்டியதில்லை. பிளஸ் 3க்கு ஏறி எல்லாம் உருகுகிற நாள்தான் கழுவவேண்டிய நாள். உப்பு அப்பிய வண்டியைச் சூடேற்றிய கராஜுக்குள் இரவிரவாக விடுவதும் அதே காரணத்தால் நல்லதில்லை. வெளியில் உறைந்து நிற்பது எவ்வளவோ மேல்.

அந்த நாட்களில் நாணயம் போட்டுக் கழுவும் இடத்துக்குத்தான் போவது. வரிசை நிற்கும், பொறுத்துக்கொள்ளவேண்டும். வெறும் தண்ணிச் சுற்றை மட்டும் தெரிவுசெய்து, குழாயைத் தாழ்த்திப் பிடித்து, தூரத்திலிருந்து அடிப்பக்கத்துக்கு நிறையத் தண்ணி விடுவேன். அங்கே தொங்கும் நுரைப் பிரஷைத் தொடவே மாட்டேன். எனக்கு முன்னால் நின்றவர் எந்தச் சேற்றைத் தேய்த்தாரோ, அது அதன் மயிருக்குள் இருக்கும். முடிந்ததும் கதவு ரப்பர்களைத் துடைத்து, கதவுகளை ஒருமுறை திறந்து மூடி, வீட்டுக்குப் போகிற வழியில் பிரேக்கை மெல்ல மெல்ல அமத்தி டிஸ்க்கைக் காயவைப்பேன். நவம்பரிலேயே ரப்பருக்கு சிலிக்கன் பூசிவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

வீட்டில் கழுவுவதில் இன்னொரு சங்கடம். டிரைவ்வேயில் ஓடுகிற தண்ணி தெருவோர வடிகாலுக்குள் போகும். எங்கள் பக்கத்தில் அது சுத்திகரிப்புக்குப் போவதில்லை, நேரே ஓடைக்கும் பிறகு ஒன்ராறியோ ஏரிக்கும்தான். ஆகவே சோப்பு வேலையெல்லாம் கழுவும் இடத்தில். வீட்டில் வெறும் தண்ணி மட்டும், அதுவும் பக்கத்துச் சல்லிக்கல் தரையில் வைத்து.

வெளிப்பைப்பு குளிரில் உறையாத வகையாக மாற்றியிருந்தால் ஜனவரி உருகலிலும் ஸ்பிரிங்ளர் போடலாம். ஹோஸைக் கழற்ற மறக்கக்கூடாது. கழற்றாவிட்டால் உறையாத பைப்பும் உறைந்து வெடிக்கும். பிரஷர் வாஷரின் பம்பும் அப்படித்தான். 2021இல் தண்ணி வடிக்காமல் கராஜில் விட்டேன், பம்ப் பிளந்து போனது. அது என் பிழை.

இனி, கறள் பிடிக்காமலிருக்க அடிப்பக்கத்துக்கு அடிக்கும் ஒயில் ஸ்பிரே. ஒவ்வொரு ஒக்டோபரும் அடிக்கிறேன், 150 டொலருக்கு மேல் போகும், இரண்டு நாள் டிரைவ்வேயில் சொட்டும். அதற்கு ஒரு பழைய காட்போட் மட்டை விரிக்காவிட்டால் வீட்டில் சண்டை. ஆனால் பலர் கவனிக்காத விடயம், பிரஷரும் சோப்பும் அந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு போய்விடும். காசு கொடுத்துப் பூசியதைக் காசு கொடுத்து உரிக்கிற வேலை. ஆகவே நவம்பரிலிருந்து மார்ச் வரை அடிப்பக்கத்துக்கு மென்மையாக வெறும் தண்ணி. பிரஷர், அடிக்குழாய் எல்லாம் செப்டெம்பர் கடைசியில் ஒரே தரம், சுத்தமாக்கி, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, பிறகு புது ஒயில். ஈரத்தின் மேல் ஒயில் அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது.

"என்னுடையது அலுமினியம், கறள்பிடிக்காது" என்று மச்சான் சொல்வார். 2015இலிருந்து ஃபோர்ட் எஃப்-150 உடல் அலுமினியம்தான், உண்மை. கீழே சட்டம் இரும்பு. விற்கப் போகும்போது சேஃப்டி சான்றிதழுக்காக வண்டியைப் பார்க்கிறவர் சட்டத்தைத்தான் தட்டிப் பார்ப்பார்.

என் பிக்கப் இப்போது 180,000 கிலோமீற்றர். பிரேக் குழாய்கள் வந்தபோது இருந்தவையே. கபின் மூலைகளில் ஒன்றுமில்லை. பின் அச்சுக்கு மேல் சட்டத்தில் பழுப்பு நிறம் மேலோட்டமாக இருக்கிறது, சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று நல்ல சத்தம். ஒரே இடத்தில் தோற்றேன்: டெயில்கேற்றின், அதாவது பின்கதவின், அடிமடிப்பு. அதற்கும் வடிதுளை இருப்பது ஆறாம் வருடம்தான் தெரியும், அதற்குள் பெயின்றுக்குக் கீழே இரண்டு கொப்புளம். இந்த ஒக்டோபரில் உள்மூடியைக் கழற்றிவிட்டே ஒயிலுக்குக் கொடுக்கப்போகிறேன்.

ஸ்பிரிங்ளர் இது மூன்றாவது. முதல் இரண்டின் மேலும் வண்டியை எடுக்கும்போது நானே ஏற்றிவிட்டேன்.