கும்பகோணத்தில் ஒரு டெண்டர் ஆலோசனை அலுவலகம்: ரிஜெக்ட் ஆன பிறகு போக வேண்டிய இடம்

டெண்டர் போட்டுத் தருகிறோம் என்று போர்டு வைத்த கடைகள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நிறைய இருக்கின்றன. டிஜிட்டல் கையெழுத்து வாங்கித் தருவார்கள், ஸ்கேன் செய்து போர்ட்டலில் ஏற்றித் தருவார்கள், அதோடு சரி. ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று போய் நின்றால் "அடுத்த தடவை பாத்துக்கலாம்க்கா" என்பதுதான் பதில். நான் சொல்ல வந்தது அந்த வகைக் கடை இல்லை. கும்பகோணத்தில் நாகேஸ்வரன் கோயில் பக்கம் ஒரு மாடியில், அரசு அலுவலகத்தில் டெண்டர் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார் நடத்துகிற சின்ன அலுவலகம். போர்டு கிடையாது, விளம்பரம் வேண்டாம் என்றார், அதனால் பெயர் போடவில்லை. ரிஜெக்ட் ஆனவர்களுக்குக் கடிதமும் மேல்முறையீடும் எழுதித் தருவதுதான் அவர் செய்கிற வேலை.

நானும் வீட்டுக்காரரும் தூய்மைப் பணிக்கு ஆள் அனுப்பும் தொழில் செய்கிறோம். பாபநாசம், திருவிடைமருதூர் பக்கத்துப் பெண்கள்தான் எங்களிடம் அதிகம். ஓர் அரசு அலுவலகத்தின் வருடாந்திரத் தூய்மைப் பணி டெண்டரில், தகுதி ஆவணங்களைப் பார்க்கும் முதல் கட்டமான டெக்னிக்கல் பிட்டிலேயே எங்களை வெளியே தள்ளிவிட்டார்கள். போர்ட்டலில் இருந்த காரணம் ஒரே வரி, ஆவணங்கள் போதுமானதாக இல்லை என்று. எந்த ஆவணம், என்ன குறை, ஒன்றும் இல்லை. நேரில் போய்க் கேட்டால், அனுபவச் சான்று தனியார் மருத்துவமனையில் வாங்கியது, அது செல்லாது என்று வாயால் சொன்னார்கள். டெண்டர் ஆவணத்தில் அரசு அல்லது தனியார் நிறுவனம் என்று தெளிவாகவே போட்டிருந்தது. வயிறு எரிந்தது. இந்த வேலையை நம்பி இருந்த பெண்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

சார் முதலில் கேட்டது, "பிரைஸ் பிட் தொறந்துட்டாங்களாம்மா?" என்றுதான் (எல்லோரும் கொடுத்த தொகையைத் திறந்து பார்க்கும் அடுத்த கட்டம்தான் பிரைஸ் பிட்). இல்லை என்றதும் அன்றைக்கே உட்கார்ந்து கடிதம் எழுதினார். டெண்டர் நிபந்தனையின் பத்தி எண், நாங்கள் ஏற்றிய சான்றின் பக்க எண், போர்ட்டலில் வந்த அந்த ஒரு வரி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றரைப் பக்கம். யாரையும் குறை சொல்லி ஒரு வார்த்தை கூட இல்லை. எனக்கு அப்போது இன்னும் காரமாக எழுதினால் என்ன என்று தோன்றியது, ஆனால் படிக்கிற அதிகாரி மறுக்க முடியாதபடி இருந்தது அந்த எழுத்துதான். தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்கச் சொன்னார், ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒன்று, மெயிலிலும் ஒன்று. பிரைஸ் பிட் திறப்பு தள்ளிப்போனது, சான்றை ஏற்றுக்கொண்டோம் என்று எழுத்திலேயே பதில் வந்தது. கடைசியில் எங்கள் தொகை எல்1, அதாவது எல்லோரிலும் குறைந்த தொகை, ஆகவில்லை, வேலை வேறு ஒருவருக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. தொகையில் தோற்பது வேறு, கணக்கிலேயே சேர்க்காமல் வெளியே தள்ளுவது வேறு.

இவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது நாள் கணக்கு. தமிழ்நாட்டில் 1998-ஆம் வருடத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதன் 11-ஆவது பிரிவில், டெண்டர் ஏற்கும் அதிகாரியின் உத்தரவு கையில் கிடைத்ததிலிருந்து 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும், அரசு 15 நாளில் முடிக்க வேண்டும். நம்மில் பல பேர் என்ன செய்கிறோம்? காரணம் தெரிந்துகொண்டு பிறகு பார்க்கலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறோம். அதற்குப் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். பதில் கைக்கு வரும்போது இங்கே 10 நாள் எப்போதோ முடிந்திருக்கும். இவர் இரண்டையும் ஒரே நேரத்தில் போடச் சொல்கிறார், இருக்கிற காகிதத்தை வைத்து மேல்முறையீடு, கூடுதல் விவரத்துக்கு ஆர்.டி.ஐ. போர்ட்டலில் ரிஜெக்ட் என்று வந்த பக்கத்தை அன்றைக்கே தேதி தெரியும்படி பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

இன்னொன்று, முடியாததை முடியாது என்று சொல்கிறார். நான் போயிருந்தபோது நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு லாரிக்காரர் வந்திருந்தார், நெல் மூட்டை ஏற்றி இறக்கும் டெண்டரில் ரிஜெக்ட் ஆனவர், கோர்ட்டுக்குப் போகணும் என்று கோபத்தோடு வந்தார். நிபந்தனையில் கேட்ட எண்ணிக்கைக்கு லாரி அவர் பெயரில் இல்லை. "போவாதீங்க தம்பி, வக்கீல் ஃபீஸ்தான் போவும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார், பணமும் வாங்கவில்லை. கோர்ட் விஷயத்தில் அவர் சொன்னதை நானும் அப்புறம் எங்கள் வக்கீலிடம் கேட்டேன், சரிதான் என்றார். டாடா செல்லுலார் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, முடிவு எடுத்த முறை நேர்மையாக இருந்ததா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும், அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்து யாருக்கு டெண்டர் என்று முடிவு செய்யாது. நம் பக்கத்தில் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு முடிவை எதிர்க்கும் மனு) போடுவதற்குப் போகிற ஊரும் வேறு வேறு, தஞ்சாவூர், திருச்சி மாவட்டம் என்றால் மதுரைக் கிளை, திருவாரூர், நாகப்பட்டினம் என்றால் சென்னை. போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் அனுப்பும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் பயன். எல்1 ஆனவர் கொடுத்த தொகையைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிறார். குறைந்தபட்சக் கூலி, அதன் மேல் முதலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் போட்டாலே வருகிற தொகைக்குக் கீழே ஒருவர் கொடுத்திருந்தால், அந்தக் குறைவு கடைசியில் பெருக்குகிற பெண்ணின் சம்பளத்திலிருந்துதான் போகும். அதைக் கணக்கோடு எழுதிக் கொடுக்கிறார். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. ஒரே ஆள், டெண்டர் முடிகிற நாட்களில் போன் எடுப்பதே இல்லை, 10 நாள் கெடு ஓடும்போது அது பெரிய பதைபதைப்பு. ரசீது கேட்டால்தான் கிடைக்கும். ஆடிட்டர் சான்றில் யு.டி.ஐ.என். எண் (ஒவ்வொரு சான்றுக்கும் ஆடிட்டர் பதிவு செய்து வாங்கும் தனி எண்) இருக்கிறதா என்பது போன்ற முன்கூட்டிய சரிபார்ப்பைச் செய்து கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், டெண்டர் போடும் வேலைக்கு வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். பாதி ரிஜெக்ட் அந்த மாதிரி விஷயத்தில்தான் வருகிறது, அதையும் எடுத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. மத்திய அரசு நிறுவனங்களின் டெண்டர், அதாவது திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடங்கள், காரைக்கால் டெண்டர், இவற்றுக்கு இந்த மாநிலச் சட்டம் பொருந்தாது, அவற்றை அவர் எடுப்பதும் இல்லை.

கடிதத்துக்கு 1,500 ரூபாய், மேல்முறையீட்டுக்கு 6,000 ரூபாய் வாங்குகிறார், டெண்டர் கிடைத்தால் இத்தனை சதவீதம் என்ற பேச்சே கிடையாது. ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஞாயிறு விடுமுறை. போகும்போது டெண்டர் ஆவணம் முழுவதையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், போனில் காட்டினால் படிக்க மாட்டார்.