இணையவழிக் கணித வீட்டுப்பாடம்: பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஸ்டாக் பயன்படுத்திய அனுபவம்

பாளையங்கோட்டையில் உள்ள கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் கணிதத் துறையில் நான் ஆசிரியர். இளநிலை முதலாம் ஆண்டு நுண்கணிதத்துக்கும், இயற்பியல் மாணவர்கள் படிக்கும் துணைப்பாடக் கணிதத்துக்கும், ஊரடங்குக் காலத்தில் தொடங்கி இன்றுவரை, மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தின் மேல் இயங்கும் ஸ்டாக் என்ற வினா அமைப்பை வாராந்தர வீட்டுப்பாடத்துக்குப் பயன்படுத்தி வருகிறோம். ஓரிரு மாதம் பார்த்துவிட்டு எழுதப்படும் மதிப்புரைகளில் ஒரு பருவம் முழுவதும் ஓடும்போது வரும் சிக்கல்கள் இடம்பெறுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். என் கணிப்பு இதுதான்: மாணவரைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட வைப்பதில் இதற்கு இணையான கருவியை நான் பார்த்ததில்லை, ஆனால் இது தரும் மதிப்பெண்ணை அப்படியே எடுத்து உள்மதிப்பீட்டில் சேர்ப்பது நியாயமாகாது.

ஸ்டாக் 2004-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாங்வின் என்ற கணித ஆசிரியர் தொடங்கிய திட்டம். இப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்கிறது. மாணவர் அடிக்கும் விடையை மாக்ஸிமா என்ற குறியீட்டுக் கணித மென்பொருள் பின்னணியில் சோதிக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான மேக்சிமா (Macsyma) என்ற பழைய மென்பொருளின் வழிவந்தது இந்த மாக்ஸிமா (Maxima). மூடில், ஸ்டாக், மாக்ஸிமா மூன்றுமே உரிமக் கட்டணம் இல்லாதவை. அமெரிக்கப் பாடநூல் நிறுவனங்களின் தளங்களில் ஒவ்வொரு மாணவரும் காசு கொடுத்து நுழைவுக் குறியீடு வாங்க வேண்டும். நம் பிள்ளைகளிடம் அதைக் கேட்க முடியாது. இதற்கு முன் நாங்கள் பயன்படுத்தியது கூகுள் படிவத்தில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. வகையிட்டுப் பார்த்தே எந்த விடை சரி என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால், தொகையிடலுக்கு அந்த முறை முற்றிலும் பயனற்றது.

முதலில் கண்ணில் பட்ட மாற்றம் பார்த்து எழுதும் பழக்கத்தில் ஏற்பட்டது. ஸ்டாக்கில் ஒரே கேள்வி ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு எண்களோடு வருமாறு அமைக்கலாம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து வரும் எங்கள் மாணவர்கள் பலர் காலையில் செங்கோட்டைப் பயணிகள் ரயிலில் வருகிறவர்கள். முன்பெல்லாம் அந்த ரயில் பெட்டிதான் ஒரே நோட்டிலிருந்து ஏழெட்டு நோட்டுகள் பிறக்கும் இடம். இப்போது அங்கே கேட்கும் பேச்சு வேறு. "ஏட்டி, ஒனக்கு எக்ஸுக்கு முன்னால என்ன நம்பர் வந்திருக்கு?" "அஞ்சு." "எனக்கு மூணுல்லா, அப்போ நான் எதால வகுக்கணும்?" விடையைக் கேட்டுப் பயனில்லை என்றானதும் வழியைக் கேட்கிறார்கள், கேட்கப்பட்டவளும் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. இதையும் உதவி பெறுதல் என்று குறை சொல்பவர்கள் துறையில் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை.

இரண்டாவது நன்மை, விடை எந்த வடிவில் இருந்தாலும் ஏற்றுக்கொள்வது. சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் இரண்டின் பெருக்கலைத் தொகையிடச் சொன்னால், ஒருவர் சைன் வர்க்கத்தின் பாதி என்பார். இன்னொருவர் காஸ் வர்க்கத்தின் பாதியைக் குறை குறியோடு எழுதுவார். மூன்றாமவர் இரட்டைக் கோண வாய்பாட்டைப் பயன்படுத்தி, காஸ் 2எக்ஸின் கால் பங்கைக் குறை குறியோடு தருவார். தொகையிடல் மாறிலியைச் சேர்த்துவிட்டால் மூன்றும் சரி. வழிகாட்டி நூலின் பின்பக்கத்தில் ஒரு விடைதான் அச்சாகியிருக்கும். மூவருக்கும் பச்சை நிறத்தில் சரி என்று வந்துவிட, கணினி கெட்டுப்போய்விட்டது என்ற முறையீட்டோடு மூன்று மாணவிகள் துறைக்கு வந்தார்கள். மூன்று விடைகளையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கச் சொன்னேன்; எஞ்சியவை வெறும் எண்கள். மாறிலி சேர்ப்பது சம்பிரதாயம் இல்லை என்பதை அன்று அவர்களே கரும்பலகையில் எழுதிப் பார்த்தார்கள். மாறிலியை விட்டுவிட்டால், மற்றது சரி, மாறிலியைச் சேர்க்க வேண்டும் என்று ஸ்டாக் தனியாகச் சொல்லும். நூறு நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

தொல்லை பெரும்பாலும் தட்டச்சில் வருகிறது. எங்கள் மாணவர்களில் மடிக்கணினி உள்ளவர்கள் குறைவு, கைபேசியில்தான் வீட்டுப்பாடம். ஆண்ட்ராய்டு விசைப்பலகையில் அடுக்கைக் குறிக்கும் ^ குறி இரண்டு பக்கங்கள் தள்ளி ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி அடித்துவிட்டு எண் பக்கத்துக்குத் திரும்பி, மறுபடி எழுத்துப் பக்கத்துக்கு வருவதற்குள் அடைப்புக்குறி மறந்துபோகும். இ (e) என்ற மாறிலிக்கு அடுக்காக 2எக்ஸ் முழுவதும் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால், பெருக்கல் குறியைத் தானே நிரப்பிக்கொள்ளும் எங்கள் அமைப்பு, இ வர்க்கத்தை எக்ஸால் பெருக்கியதாக எடுத்துக்கொள்ளும். விடைப் பெட்டியின் கீழே, உங்கள் விடை இப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்று அச்சுக் கணிதமாகக் காட்டவும் செய்யும். கைபேசித் திரையில் விசைப்பலகை பாதி இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்த வரி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பருவத்தின் முதல் இரண்டு வாரங்களில் "கணக்கு சரி சார், மிஷின் தப்புங்குது" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு அடைப்புக்குறியில் முடியும். ஆகவே முதல் வாரத்தில் கணக்கே வைக்காமல், தரப்பட்ட கோவையை அப்படியே அடிப்பதை மட்டும் வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறோம். அது நல்ல பலன் தந்தது.

இலக்கணப் பிழைக்கு ஸ்டாக் மதிப்பெண் குறைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடைப்புக்குறி மூடப்படாத விடையை அது திருத்தவே எடுத்துக்கொள்ளாது. சரிசெய்து மீண்டும் அடிக்கச் சொல்லும். கணக்கில் தவறினால்தான் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு போகும். வேண்டுமானால் ஆசிரியர் அந்த அளவை மாற்றலாம். மூன்றில் ஒரு பங்கு என்ற விடையைக் கணிப்பானில் பார்த்து 0.333 என்று அடித்தால், தசம எண் ஏற்கப்படாது என்று திருப்பி அனுப்பிவிடும். பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக்கொள்ளும் பழக்கம் இதனால் வந்திருக்கிறது.

இந்த அமைப்பின் உயிர் ஆசிரியர் எழுதும் பின்னூட்டத்தில் இருக்கிறது, உழைப்பும் அங்கேதான். எக்ஸை இ-யின் 2எக்ஸ் அடுக்கால் பெருக்கிப் பகுதித் தொகையிடல் செய்யும் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது உறுப்பின் கெழு கால் என்று வர வேண்டும்; இரண்டாம் முறை 2 ஆல் வகுக்க மறப்பவர்களுக்கு அரை என்று வரும். அந்தத் தவறான விடையையும் முன்கூட்டியே எழுதிவைத்து, அது வந்தால், "இரண்டாம் முறை தொகையிடும்போது 2 ஆல் வகுத்தீர்களா?" என்று தமிழிலேயே கேட்குமாறு அமைக்கலாம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிறவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய துணை. ஆனால் எந்தத் தவறு வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய விடைத்தாள் கட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு எழுதினால்தான் அது அமையும். அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்துக்குக் கேள்வி எழுதுவது இன்னும் கடினம். உறுப்புகளைக் கண்டபடி மாற்றவிட்டால், ஐகன் மதிப்புகள் எனப்படும் அணியின் சிறப்பியல்பு எண்கள் வர்க்கமூலங்களாக வந்து மாணவரைப் பாடாய்ப் படுத்தும். முதலில் ஐகன் மதிப்புகளைத் தேர்ந்துகொண்டு, அணிக்கோவை மதிப்பு 1 ஆக உள்ள முழு எண் அணி ஒன்றால் ஒருபுறமும் அதன் நேர்மாறால் மறுபுறமும் பெருக்கினால், உறுப்புகளும் முழு எண்களாகவே இருக்கும். இப்படி ஒரு கேள்வியை எழுதி, அதன் வடிவங்கள் ஒவ்வொன்றையும் சோதித்து வெளியிட ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

சேவையகத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆய்வகத்தின் பழைய கணினி ஒன்றில் ஓட்டினோம். ஞாயிறு இரவு பத்து மணிக் கெடுவுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எல்லாரும் ஒன்றாக நுழைவார்கள். ஒவ்வொரு விடைக்கும் மாக்ஸிமாவைத் தனியாக எழுப்ப வேண்டியிருப்பதால் திரை அப்படியே நின்றுவிடும். கெடுவை ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு கிழமைக்கு மாற்றினோம். பணம் செலவில்லாமல் பிரச்சினை தீர்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரை ஊர்கள் மின்சாரமும் கைபேசிச் சமிக்ஞையும் இல்லாமல் கிடந்தபோது, பாதிக்கப்பட்ட மாணவர்களை ஒரு குழுவாக்கி அவர்களுக்கு மட்டும் கெடுவை நீட்டிக்க மூடிலில் வசதி இருந்தது. மற்றவர்களுக்கு விடைகள் தெரிந்துவிட்டாலும் எண்கள் வேறு என்பதால் யாருக்கும் அநியாயம் இல்லை.

இனி, மதிப்பெண்ணை நம்பக்கூடாது என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். பல்கலைக்கழகத் தேர்வில் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஸ்டாக் பார்ப்பது, நாம் கேட்டுவைத்த இடங்களில் வரும் விடைகளை மட்டும். இடைப்படிகளுக்கும் பெட்டி வைக்கலாம். அப்படி வைத்தால் எந்த வழியில் போக வேண்டும் என்பதை நாமே காட்டிக்கொடுத்தவர்கள் ஆவோம். முதலிரண்டு பருவங்களில், இணையத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் சிலரின் விடைத்தாளில் கேள்விக்கு அடுத்த வரியிலேயே விடை நின்றது. நடுவில் ஒன்றும் இல்லை. கேள்வியைப் படமெடுத்தால் விடை தரும் செயலிகளும், உரையாடும் செயற்கை நுண்ணறிவும் வந்த பிறகு, எண்களை மாற்றித் தரும் பாதுகாப்பும் பாதிதான் செல்லுபடியாகிறது. இப்போது எங்கள் நடைமுறை இது: இணையத்தில் போட்ட கணக்கை நோட்டிலும் போட்டிருக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாள் சிலரை அழைத்து, அதே கேள்வியை எண் மாற்றிக் கரும்பலகையில் போடச் சொல்வோம். உள்மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் இணைய வீட்டுப்பாடத்துக்குச் சிறு பங்குதான். பங்கைக் குறைத்ததும் செயலியிடம் போகும் அவசரமும் குறைந்தது.

வேறு கல்லூரிக்காரர்கள் கேட்டால், கேள்வி எழுத மனமுள்ள ஓர் ஆசிரியராவது துறையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள் என்பேன். அப்படி யாரும் இல்லாத இடத்தில், ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990-களில் தொடங்கிய வெப்வொர்க் பொருத்தமாக இருக்கலாம். அதுவும் கட்டணமில்லாதது, பல்லாயிரம் கேள்விகள் கொண்ட திறந்த வினாத் தொகுப்பு அதனுடன் கிடைக்கிறது, ஆனால் கேள்விகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நாங்கள் எழுதிய தமிழ்க் கேள்விகளை மூடிலிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, கேட்கும் துறைகளுக்குத் தருகிறோம். வகையிடலும் தொகையிடலும் முழுமையாக உள்ளன, அணிகள் ஓரளவு, லாப்லாஸ் உருமாற்றம் இனிமேல்தான்.